வெயிலுக்குக் குடை, மழைக்கு?

போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா என்பதைத் தீர்மானிப்பது மழை. நகரத்தின் முக்கியக் குடிநீர் ஆதாரமான தனிக்காரி அணை மழையை நம்பி நிற்கிறது. சுற்றிலும் கடல் இருந்தும், வறண்ட கோடைகளில் முறைவைத்துத்தான் தண்ணீர். (நகரத்துக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. குழாய்கள் மாறவில்லை.)

1991ல் இங்கிருந்து சுமார் 140 கி.மீ. தள்ளியுள்ள பேரன் தீவு எரிமலை, ஒன்றரை நூற்றாண்டுத் தூக்கம் கலைந்து குமுறியது. உலக வெப்பநிலை அசையவில்லை. அதே ஆண்டு ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தபோது கதையே வேறு. சுமார் 1.5 கோடி டன்னுக்கு மேல் கந்தக டையாக்சைடு மேகங்களைத் தாண்டி ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை போய், நுண்துளிகளாகி, வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது.

எரிமலை செய்ததை விமானங்கள் செய்தால் என்ன? நோபல் பரிசு பெற்ற பால் க்ரட்ஸன் 2006ல் இதை ஆராயச் சொன்னபோது, ஏளனத்துக்குரியதாக இருந்த யோசனை ஆய்வகங்களுக்குள் நுழைந்தது. நிலக்கரியைக் கைவிடுவதை விட மலிவு, பலனும் சீக்கிரம். அரசியல்வாதிகளுக்கு வேறென்ன வேண்டும்?

சிக்கல் மழையில் இருக்கிறது. பினடுபோவுக்குப் பின் 1992ல் நிலப்பரப்பில் மழை குறைந்தது. பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரான கோவிந்தசாமி பாலாவும் சகாக்களும் 2008ல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு காரணத்தைச் சொன்னது. ஒளியைக் குறைத்து வெப்பத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்; ஆனால் ஆவியாதல் தளர்ந்து, உலகின் மொத்த மழை பழைய அளவுக்கும் கீழே இறங்கிவிடும். அந்தமானுக்கு எவ்வளவு குறையும், எங்கே கூடும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போவதில்லை.

பவளப்பாறைகளின் கணக்கு தனி. 2010ல் அந்தமான் பவளங்கள் சூட்டில் வெளுத்தன. குடை விரித்தால் அந்தச் சூடு தணியக்கூடும். ஆனால் கார்பன் டையாக்சைடு கரைந்து கடல்நீர் அமிலத்தன்மை அடைவதைக் குடை தடுக்காது. தூவுவதை நடுவில் நிறுத்தினாலோ, அதுவரை மறைந்திருந்த வெப்பம் சில ஆண்டுகளில் மொத்தமாகத் திரும்பும்.

மெக்ஸிகோவில் ஓர் அமெரிக்க நிறுவனம் 2022ல் அனுமதி கேட்காமலே கந்தக பலூன்களைப் பறக்கவிட்டது. இத்தகைய சோதனைகளைத் தடை செய்வதாக மெக்ஸிகோ 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆனால் ஸ்ட்ராட்டோஸ்பியருக்கு எல்லைக்கோடு கிடையாது. ஒரு நாடு தூவத் துணிந்தால், தனிக்காரியை நம்பியிருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை இல்லை.