பிள்ளைகளுக்கான பயணமா, பிள்ளைகளோடு பயணமா?

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் திட்டமிடும் வேலை இப்போதெல்லாம் என் தலையில்தான் விழுகிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கையில் எப்போதும் திறன்பேசியும் மடிக்கணினியும் இருப்பதால் எனக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று பெரியவர்களே முடிவுசெய்துவிட்டார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலரும் இதே பதவியை வகிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வரும் ஜூன் விடுமுறைக்கு ஒக்கினாவா என்று முடிவானது. ஜப்பானின் தெற்கு முனையில், தோக்கியோவைவிடத் தைப்பேவுக்கு அருகில் இருக்கும் தீவு அது. வெண்மணல், பவளப்பாறை, நீலக் கடல். பாட்டி, அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா, தொடக்கநிலை மூன்றில் படிக்கும் தம்பி, பாலர் பள்ளிக்குச் செல்லும் சித்தி மகள், நான் என மொத்தம் எட்டுப் பேர். வயது ஐந்திலிருந்து எண்பத்திரண்டு வரை.

இரண்டே இரவுகளில் திட்டம் தயார். ஐந்து நாள், பதினேழு இடங்கள். காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை வண்ணம் வண்ணமாகக் கட்டம் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையோடு அனுப்பினேன். எல்லாரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அம்மா மட்டும் என் அறைக்கு வந்து, “பாட்டிகிட்ட கேட்டியா? தம்பிகிட்ட கேட்டியா?” என்றார். இரண்டு பேரிடமும் நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு நடந்தவைதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன.

பிள்ளைகளோடு செல்லும் பயணத்தைத் திட்டமிடும் நாம், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் எது பொருந்தாது என்பதையும் நாமே ஊகித்துவிடுகிறோம். இரண்டு ஊகங்களும் பெரும்பாலும் தவறானவை என்பது என் கருத்து.

தீவின் நாள்காட்டி வேறு

முதலில் எளிமையான தவறைச் சொல்கிறேன். நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறித்திருந்தேன். ஒக்கினாவாவின் பருவநிலை நம் கல்வி நாள்காட்டியைப் பார்த்து இயங்குவதில்லை. மார்ச் விடுமுறையில் கடல் இன்னும் குளிர்ந்தே இருக்கும். செப்டம்பர் விடுமுறை சூறாவளிப் பருவத்தில் வருகிறது. ஆண்டிறுதி விடுமுறையில் ஊர் சுற்ற இதமாக இருக்கும். ஆனால் சிறுவர்கள் கடலில் இறங்க முடியாது. ஜூன் விடுமுறையோ மழைக்காலத்தோடு மோதுகிறது. அங்கு மே நடுப்பகுதியில் தொடங்கும் மழைக்காலம் சராசரியாக ஜூன் 20ஆம் தேதியை ஒட்டித்தான் முடிகிறது.

நான் முதலில் குறித்திருந்தது ஜூன் முதல் வாரம். விலை குறைவாக இருந்தது. ஏன் குறைவு என்று நான் யோசிக்கவில்லை. இப்போது விடுமுறையின் கடைசி வாரத்துக்கு மாற்றியிருக்கிறோம். வானத்தை யாரும் உறுதி செய்ய முடியாதுதான். ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தையை ஐந்து நாள் மழையில் விடுதி அறைக்குள் அடைத்துவைக்கும் வாய்ப்பாவது குறையும்.

கடலிலும் ஒரு பாடம் இருக்கிறது. கோடைக்காலத்தில் அங்கு ‘ஹாபு’ எனும் நச்சு ஜெல்லிமீன்கள் கரையோரம் வரும். அதனால்தான் பல கடற்கரைகளில் நீருக்குள் வலை கட்டி, அதற்குள் நீந்தச் சொல்கிறார்கள். கொட்டினால் ஊற்றுவதற்கு வினிகரும் வைத்திருப்பார்கள். யாருமில்லாத அழகான கரை புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். சிறுவர்களுக்கு வலை கட்டிய கரைதான் நல்லது.

பதினேழு எப்படி ஏழானது?

ஒக்கினாவாவில் ரயில் என்றால் நாஹா நகரை ஒட்டி ஓடும் ஒற்றைத் தண்டவாள ரயில் மட்டும்தான். மற்ற இடங்களுக்குப் பேருந்து அல்லது வாடகைக் கார். எம்ஆர்டியில் ஏறினால் எங்கும் போய்விடலாம் என்று வளர்ந்த எனக்கு இது உறைக்கவே நேரமானது. சுராவுமி மீன்காட்சியகம் நாஹாவிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். என் முதல் அட்டவணையில் அதற்கு முன் ஓர் அரண்மனை, அதற்குப் பின் ஒரு சந்தை இருந்தன. சிறு குழந்தைக்குக் கழிப்பறை, பசி, தூக்கம் என்ற மூன்றும் உண்டு என்பது என் கட்டங்களில் எங்கும் இல்லை.

கார் ஓட்டப்போவது அப்பாவும் சித்தப்பாவும். இருவரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை அங்கு சட்டப்படி கட்டாயம். முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் போருக்குப் பின் 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த அந்தத் தீவில், 1978 ஜூலை 30ஆம் தேதி வரை கார்கள் வலப்பக்கம் ஓடின. ஒரே நாளில் மொத்தத் தீவும் பக்கம் மாறியது. இதைச் சொன்னதும் தம்பி, “அன்னைக்கு யாரும் மோதிக்கலையா?” என்று கேட்டான். பயணத்தைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அப்போதுதான் அவனிடம் என்ன பார்க்க ஆசை என்று கேட்டேன். அவன் மூன்றைச் சொன்னான். திமிங்கலச் சுறா. பறக்கத் தெரியாத பறவை. கோவுரித் தீவுக்குப் போகும் நீளமான பாலம். பறக்காத பறவை என்பது தீவின் வடக்கிலுள்ள யான்பாரு காட்டில் மட்டும் வாழும் ‘யான்பாரு குயினா’. 1981இல்தான் அது புதிய இனம் என்று அறிவியல் உலகம் அறிவித்தது. அது சாலையைக் கடக்கும் என்று ஓட்டுநர்களை எச்சரிக்கும் பலகைகளே அங்கு உண்டு. என் பதினேழு இடங்களில் அது இல்லை. பாலம் இருந்தது, ஆனால் ‘வழியில் பத்து நிமிடம்’ என்று. அவனுக்கோ கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கடலுக்கு மேல் போவதுதான் பயணமே.

இப்போது பட்டியலில் ஏழு இடங்கள்தான். முதல் மூன்று இரவுகள் வடக்கில், கடைசி இரண்டு நாஹாவில். தங்கும் இடங்களில் சமையலறை இருக்கிறது. ஒக்கினாவாச் சமையலில் பன்றி இறைச்சி எங்கும் நுழைந்திருக்கும். நூடல்ஸ் சூப்பிலும் இருக்கும். பாட்டி வெள்ளிக்கிழமை சைவம். அங்கே பாகற்காய் அன்றாட உணவு என்றதும் பாட்டி முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நானே செஞ்சுக்கறேன்” என்று ரசப்பொடிக்குத் திட்டம் போட்டுவிட்டார். இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் சித்தியின் கோழி சம்பல் மட்டும் வீட்டில் தங்குகிறது.

விடுபட்டிருந்த இடம்

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் வீட்டில் உண்மையான விவாதமானது.

என் பதினேழு இடங்களில் போர் சம்பந்தப்பட்ட ஒன்றுகூட இல்லை. தெரியாமல் விட்டதில்லை. பிள்ளைகள் வருகிறார்கள், எதற்கு என்று விட்டேன். ஆனால் 1945 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்கப் படை ஒக்கினாவாவின் முதன்மைத் தீவில் இறங்கியதிலிருந்து ஜூன் இறுதிவரை நடந்த சண்டையில் 200,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் ஏராளமானோர் பொதுமக்கள். குகைகளில் ஒளிந்திருந்த மக்களைச் சொந்த ராணுவமே வெளியே துரத்திய சம்பவங்களும் உண்டு. போரில் அழிந்து 1992இல் மீண்டும் எழுப்பப்பட்ட ஷுரி அரண்மனை 2019இல் தீக்கிரையானதைத் தம்பிக்குச் சொல்லலாம், போரை மட்டும் சொல்லக்கூடாது என்றால் அது பாதிக் கதைதானே?

“லீவுக்குப் போய் அழணுமா? பிள்ளைங்க ராத்திரி தூங்க வேணாமா?” என்றார் சித்தி. அதில் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. ஹிமெயுரி அமைதி அரும்பொருளகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 மார்ச்சில் 222 மாணவியரும் 18 ஆசிரியர்களும் ராணுவ மருத்துவமனையில் தாதிமை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். மருத்துவமனை என்பது குகைகள். மாணவியரின் வயது 15 முதல் 19. நம் உயர்நிலை நான்கு மாணவியரும் தொடக்கக் கல்லூரி மாணவியரும் அந்த வயதுதான். போன 240 பேரில் 136 பேர் திரும்பவில்லை. அந்த முகங்களையும் சாட்சியங்களையும் ஐந்து வயதுக் குழந்தை முன் வைக்க வேண்டியதில்லை. நான் பார்க்க வேண்டும். இதை வாசிக்கும் நீங்களும் வாய்ப்பு கிடைத்தால் பார்க்க வேண்டும்.

ஆனால் ‘எல்லாவற்றையும் காட்டு’, ‘எதையும் காட்டாதே’ என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. மாபுனி எனும் இடத்தில், கடலைப் பார்த்தபடி ‘அமைதியின் அடிக்கல்’ இருக்கிறது. 1995 ஜூன் 23ஆம் தேதி திறக்கப்பட்டது. வரிசை வரிசையாகக் கருங்கல் சுவர்கள். அவற்றில் 240,000க்கும் மேற்பட்ட பெயர்கள். படம் இல்லை, ரத்தம் இல்லை. பெயர்கள் மட்டும். ஒக்கினாவா மக்கள், ஜப்பானிய வீரர்கள், அமெரிக்கர்கள், கொரியர்கள், தைவானியர்கள் என எந்தத் தரப்பு என்று பார்க்காமல் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் அங்கு நடக்கலாம்.

ஆண்டுதோறும் ஜூன் 23ஆம் தேதி அங்கு நினைவுநாள் நிகழ்ச்சி நடக்கிறது. அதில் அந்தத் தீவின் மாணவர் ஒருவர் தாம் எழுதிய கவிதையை வாசிப்பது வழக்கம். 2022ஆம் ஆண்டு வாசித்தது இரண்டாம் வகுப்புச் சிறுமி. அருங்காட்சியகத்தில் போர் ஓவியம் ஒன்றைக் குடும்பத்தோடு பார்த்துப் பயந்த அனுபவத்தை அவள் எழுதியிருந்தாள். அவள் பயந்தாள். பக்கத்தில் அம்மா இருந்தார். நம் தொடக்கப்பள்ளிகளிலும் ஒவ்வொரு பிப்ரவரி 15ஆம் தேதியும் முழுமைத் தற்காப்பு தினத்தில் 1942ஐப் பற்றிப் பேசுகிறோம். பள்ளி மண்டபத்தில் கேட்கலாம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கக்கூடாதா?

பாட்டி ஏன் பேசவில்லை?

இந்த விவாதம் நடந்த இரவில்தான் பாட்டி வாய் திறந்தார். ஜப்பான் என்று முடிவானதிலிருந்து “கால் வலி, நீங்க போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நாங்களும் கால் வலி என்றே நம்பினோம்.

பாட்டி பிறந்தது ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது, 1943இல், அவருடைய அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பானிய ராணுவம் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து போன தமிழர்களில் ஆகப் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி கிடையாது. ஆடி அமாவாசையன்று படைக்கிறோம். ஏன் அந்த நாள் என்று நான் இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“அந்தச் சுவத்துல எதிராளி பேரும் இருக்கா?” என்று பாட்டி கேட்டார்.

“இருக்கு பாட்டி. அமெரிக்கக்காரங்க பேரும் இருக்கு. இப்பவும் விட்டுப்போன பேரைச் சேர்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நானும் வர்றேன். அதைப் பார்க்கணும்” என்றார்.

பாட்டி யாரையும் மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பெயரை எழுதிவைப்பது எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறார், அவ்வளவுதான். சித்தியும் அதன்பிறகு எதிர்க்கவில்லை. அம்மாவும் நானும் ஹிமெயுரிக்குப் போகும் இரண்டு மணி நேரமும் சித்தி பிள்ளைகளோடு கடற்கரையில் இருப்பார். மாபுனிக்கு எட்டுப் பேரும் போகிறோம். 23ஆம் தேதி அங்கு நெரிசலாக இருக்கும் என்பதால் 25ஆம் தேதி காலை என்று குறித்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் வேறு எதுவும் இல்லை.

தம்பி என்னிடம் தனியாகக் கேட்டான்: “கொள்ளுத்தாத்தா பேர் அங்க இருக்குமா?” இருக்காது, அது வேறு இடத்தில் நடந்தது என்றேன். “அவர் பேர் என்ன?” என்றான். எனக்கு முதலெழுத்து தெரியவில்லை. இருவரும் பாட்டியிடம் போய்க் கேட்டோம்.

இளைய நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு உங்கள் வீட்டிலும் “நீயே பார்த்துப் போடு” என்பார்கள். செய்யுங்கள், நல்ல பயிற்சிதான். ஆனால் விமானச் சீட்டு விலையைத் தேடுவதற்கு முன், வீட்டில் ஆகச் சிறியவரிடமும் ஆகப் பெரியவரிடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். போகும் ஊரில் எந்த மாதம் மழை, எந்தக் கரையில் வலை என்று பாருங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் பெரியவர்கள் எந்தக் கதையைச் சொல்லி வளர்க்கிறார்கள் என்றும் பாருங்கள். அதில் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். கட்டங்கள் குறையும். எங்கள் வீட்டில் பத்துக் கட்டங்கள் குறைந்தன. வரமாட்டேன் என்றிருந்த ஒருவர் வருகிறார்.