கோச்சுக்காதீங்க, கோச் சார்!

போன மாசம் எங்க ஆபீஸ்ல 'வெல்னெஸ் வாரம்'. கோட்டு போட்ட ஒரு லைஃப் கோச் வந்து ஒன்றரை மணி நேரம் எல்லாரையும் கைதட்ட வெச்சார். அதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு மொக்கை மீட்டிங் தப்பிச்சுது.

பிரச்சினை என் ரூம்மேட் விஷயத்துல வந்துச்சு. (அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.) ரெண்டு மாசமா ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பால்கனியில உக்காந்திருப்பான். சாப்பாடு இறங்கல. "செத்துட்டா நிம்மதிடா"ன்னு ஒரு தடவை சொன்னான். இதையெல்லாம் அந்தக் கோச்சிடம் தனியா சொல்லியிருக்கான். அவர் சொன்ன பதில்: "தெரபிஸ்ட் பழசைக் கிளறுவாங்க, நாம எதிர்காலத்தைப் பார்ப்போம்." பன்னிரண்டு செஷன், முப்பதாயிரம் ரூபாய்.

அடப்பாவி!

இந்த 'தெரபி பின்னாடி பார்க்கும், கோச்சிங் முன்னாடி பார்க்கும்' டயலாக்கே பொய். 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி முறை பெரும்பாலும் இன்னிக்கு மண்டைக்குள்ள ஓடுற எண்ணத்தைத்தான் பிடிச்சு விசாரிக்கும். வீட்டுப்பாடம்கூட உண்டு. அழ வெச்சு ஃப்ளாஷ்பேக் கேக்கறதுதான் தெரபின்னு நினைச்சா, அது நம்ம சினிமா புத்தி.

வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, சிஸ்டம் நல்லா ஓடுதுன்னு நம்பிக்கிட்டு புது ஃபீச்சர் சேர்க்கிறவர் கோச். ஓடுதான்னு பார்க்கிறதுதான் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோட முதல் வேலை. தூக்கம், பசி, தற்கொலை எண்ணம் எல்லாம் கேப்பார். மாத்திரை தேவைன்னு தோணினா மனநல மருத்துவர்கிட்ட அனுப்புவார். 1992 சட்டப்படி ஆர்.சி.ஐ. பதிவேட்டில் அவர் பேர் இருக்கணும். லைஃப் கோச்சுக்கு நம்ம நாட்டுல அப்படி ஒரு அரசுப் பதிவேடே கிடையாது. நாளைக்கு நானே போர்டு மாட்டிக்கலாம்.

கோச்சுகளுக்கும் சங்கம் இருக்கு. 1995-ல் தாமஸ் லியோனார்ட் ஆரம்பிச்ச ஐ.சி.எஃப். (மனுஷன் நிதி ஆலோசகரா இருந்தவர்!) தெரபி தேவைப்படுறவரை அங்கே அனுப்பி வைன்னு அவங்க வழிகாட்டியே சொல்லுது. நம்மாளு அதைப் படிச்ச மாதிரி தெரியல.

"எனக்கு வேலை மாற கோச்தான் உதவினார்"னு சண்டைக்கு வராதீங்க. சம்பளம் பேசவும் மேடை நடுக்கம் போகவும் தாராளமா போங்க. சாகணும்னு சொல்றவன்கிட்ட பேக்கேஜ் விலை பேசாதீங்கன்னுதான் சொல்றேன்.

அன்னிக்கு ராத்திரியே 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ், 2022-லேர்ந்து இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசலாம். மறுநாள் டாக்டர். இப்போ மாத்திரை, தெரபி ரெண்டும் நடக்குது. பையன் தூங்குறான். குறட்டைதான் தாங்க முடியல.