படம் பார்த்தோம், நலம் விசாரித்தோமா?



கடல் கடந்து வாழும் உறவோ நட்போ இல்லாத முஸ்லிம் குடும்பத்தைப் புதுச்சேரியில் காண்பது அரிது. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் ஒன்றாக ஓதி, ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்களில் ஒருவர் இன்று பாரிஸ் புறநகரில் இருப்பார். மற்றொருவர் வளைகுடாவில் இருப்பார். இன்னொருவர் இங்கேயே கடை நடத்துவார். நேரில் சந்திப்பது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆயினும் நாம் அவர்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கைப்பேசியைத் திறந்தால் பிள்ளை பள்ளிக்குச் சென்ற முதல் நாள், சன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் பனி, பெருநாள் காலையில் புத்தாடையோடு நிற்கும் குடும்பம் என்று அவர்களுடைய வாழ்க்கை படம் படமாக வந்து சேர்கிறது. பார்க்கிறோம், ஓர் இதயக் குறியை இடுகிறோம், அடுத்த படத்துக்குப் போகிறோம். அவரைப் பற்றி யாரேனும் கேட்டால், "நன்றாக இருக்கிறார், நேற்றுக்கூடப் படம் போட்டிருந்தாரே" என்று உறுதியாகச் சொல்கிறோம்.

இந்த உறுதி எங்கிருந்து வந்தது? அவர் நலமாக இருக்கிறார் என்பதை அவரிடமே கேட்டு அறிந்தோமா, அல்லது படத்தைப் பார்த்து நாமே முடிவு செய்துகொண்டோமா? தூரத்து நண்பரின் மீது நமக்குள்ள கடமை, அவருடைய படங்களைப் பார்ப்பதோடு நிறைவேறிவிடுகிறதா என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது.

கடிதத்தோடு வந்த படம்

தூரத்து நட்பு நம் ஊருக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் வணிகத்துக்காகச் சைகோன் சென்றார்கள். இன்று ஹோ சி மின் என்று பெயர் மாறிவிட்ட அந்நகரின் மையத்தில், டோங் டு தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஊராரால் 'சொல்தா' என்று அழைக்கப்பட்டவர்களும் தொலைதூரங்களுக்குப் போனார்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமை பெற்றது. அப்போது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்று ஒப்பந்தம் வழிவகுத்தது. ஒரு வீட்டில் கையெழுத்திட்டவர்கள், அடுத்த வீட்டில் இடாதவர்கள் என்று ஊர் இரண்டானது. அண்டை வீட்டுத் தோழர்கள் இரு நாட்டவரானார்கள்.

அந்தக் காலத்திலும் படங்கள் வந்தன. ஸ்டுடியோவில் கோட்டு அணிந்து, நாற்காலியின் மீது கைவைத்து நிற்கும் படம் கப்பலில் வந்து சேர வாரக் கணக்கில் ஆகும். ஆனால் அந்தப் படம் தனியாக வரவில்லை. அதனுடன் ஒரு கடிதம் இருந்தது. தாளின் தலைப்பில் 786 என்று எழுதி, ஸலாம் சொல்லித் தொடங்கும் கடிதம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதங்களும் உண்டு. தம் நலத்தைச் சொல்லி, தாயின் முட்டுவலி எப்படி இருக்கிறது, தங்கைக்குப் பேசிய சம்பந்தம் என்னவாயிற்று, அடுத்த வீட்டு வாப்பா தொழ வருகிறாரா என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லி முடியும். அதற்கு மறுமொழி எழுதுவது வீட்டின் கடமை. படம் ஒரு முகத்தைக் காட்டியது. கடிதம் கேள்வி கேட்டது. மறுமொழி உறவைக் காத்தது.

இன்று படம் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. கடிதத்தைக் காணோம். படத்துக்குத் துணையாக வந்த விசாரிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நாம் இழந்தது அதைத்தான்.

படத்துக்கு வெளியே இருப்பது

எந்தப் படமும் ஒரு தேர்வுதான். பத்து எடுத்து ஒன்றை வெளியிடுகிறோம். வெளியிடுவது பெரும்பாலும் மகிழ்ச்சியான ஒன்றாகவே இருக்கும். அதில் தவறில்லை. தம் கவலையை ஊரார் முன் விரித்து வைக்காமல் இருப்பது நம் பண்பாடு; பொறுமையின் ஒரு பகுதியும்கூட. ஆகவே ஒருவர் சிரித்த முகத்தோடு நிற்கும் படம், அவர் அந்தக் கணத்தில் சிரித்தார் என்பதை மட்டுமே நமக்குச் சொல்கிறது. அதற்கு மேல் எதையும் சொல்வதாக நாம் கொள்ளக் கூடாது.

2016, 2017ஆம் ஆண்டுகளில் ரமளான் ஜூன் மாதத்தில் வந்தது. ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஏறத்தாழ 10 மணி ஆகிவிடும். நோன்பு திறக்கும் மேசையில் பேரீச்சையும் பழங்களும் அழகாக அடுக்கிய படத்தை நாம் பார்த்திருப்போம். அந்த மேசைக்கு முன்னால் கழிந்த நீண்ட பகலும், மறுநாள் விடியற்காலை வேலைக்குப் போக வேண்டிய களைப்பும் படத்தில் தெரியாது. நம் ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்காகச் சட்டியோடு நிற்கும் சிறுவர் கூட்டமும், மஃக்ரிப் பாங்கோசையும் இல்லாத தனிமையும் தெரியாது. பனியின் வெண்மை தெரியும்; மாலை 5 மணிக்கே இருண்டுவிடும் டிசம்பர் மாதத்தில் அறைக்குள் அடைந்து கிடக்கும் மனம் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. அங்கிருப்பவர் நம் ஊர்க் கடற்கரைச் சாலையின் படத்தையும், கல்யாண வீட்டுப் பிரியாணியின் படத்தையும் பார்த்து, ஊர் எப்போதும் போல் களிப்பாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார். கடையில் வியாபாரம் குறைந்ததையும், மகளின் மேற்படிப்புக்குக் கடன் கேட்டு அலைந்ததையும் நாம் படமெடுத்து அனுப்புவதில்லை. இப்படி இருபுறமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, ஒருவர் நிலையை ஒருவர் அறியாமல் ஆண்டுகளைக் கழிக்கிறோம். பிறகு ஒருநாள் மவுத்துச் செய்தி வருகிறது. "ஆறு மாதமாக நோயில் இருந்தாராமே, நமக்குத் தெரியாமல் போயிற்றே" என்கிறோம். அந்த ஆறு மாதமும் அவர் போட்ட படங்களை நாம் பார்த்திருப்போம்.

காணாதவரைத் தேடிய நபி

மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு பெண்மணியின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. சில நாள்களாக அவரைக் காணவில்லை என்பதை நபி (ஸல்) அவர்கள் கவனித்து, அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினார்கள். அதைத் தமக்குத் தெரிவித்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், அவருடைய அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

ஒரு சமுதாயத்தின் தலைவர், எவரும் பெரிதாகக் கருதாத ஒரு பெண்மணியின் இன்மையைக் கவனிக்கிறார். கண்முன் வருபவரைக் கவனிப்பது எளிது. வராமற்போனவரைக் கவனிப்பதற்கு அன்பு வேண்டும். நம் கைப்பேசியோ, படம் போடுபவரை மட்டுமே முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. மூன்று மாதமாக மௌனமாக இருப்பவரை அது நமக்கு நினைவூட்டுவதில்லை. அந்த நினைவை நாம்தான் வைத்திருக்க வேண்டும். எந்த நண்பரின் படம் வருவது நின்றுவிட்டது என்று இன்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே, யாரை முதலில் அழைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிமின் மீதுள்ள உரிமைகளாக நபியவர்கள் கற்றுத் தந்தவற்றையும் நாம் அறிவோம்: ஸலாமுக்குப் பதில் சொல்லுதல், நோயுற்றவரை நலம் விசாரித்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல், அழைப்பை ஏற்றல், தும்மி இறைவனைப் புகழ்ந்தவருக்காகப் பிரார்த்தித்தல். இவற்றில் எது படத்தைப் பார்ப்பதனால் நிறைவேறுகிறது? ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் நம்மிடமிருந்து ஒரு சொல்லையோ ஓர் அடியையோ கேட்கிறது. ஸலாமுக்கு அதைப் போன்றோ அதனினும் சிறந்தோ பதில் கூற வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. நண்பர் ஸலாம் எழுதி அனுப்பியிருக்க, கட்டை விரல் படத்தை அனுப்பி நிறுத்திக்கொள்வது அக்கட்டளைக்கு ஈடாகுமா?

சில மறுப்புகள்

"பிறர் வாழ்க்கையைத் துருவுவது கூடாதல்லவா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடை செய்கிறது. ஆனால் எது துருவுதல்? ஒருவர் அறியாமல் அவருடைய படங்களை மாதக்கணக்கில் பார்த்து, வீடு வாங்கிவிட்டாரா, கார் என்ன விலை, மனைவி ஏன் படத்தில் இல்லை என்று நமக்குள் பேசிக்கொள்வதுதான் அதற்கு நெருக்கமானது. அவரிடமே நேராக, "எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் அனைவரும் சுகமா?" என்று கேட்பது நலம் விசாரிப்பு. அவர் சொல்ல விரும்பியதைச் சொல்வார். விரும்பாததைச் சொல்லாமல் விடுவார். அதற்கு மேல் நாம் கேட்க வேண்டியதில்லை.

"நேர வேறுபாடு இடம் தருவதில்லை" என்பது அடுத்த காரணம். பிரான்சுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் வேறுபாடு. அவர் வேலை முடித்து வீடு திரும்பும்போது நாம் உறங்கியிருப்போம். ஆனால் குரலைப் பதிவு செய்து அனுப்ப இரண்டு நிமிடம் போதும். அவர் விழித்திருக்கும் நேரத்தில் கேட்டுக்கொள்வார். வாரக் கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்த நம் முன்னோர் கடிதத்தை விடவில்லை.

"படம் போடுவதே தேவையற்றது, கண்ணேறுக்கும் பொறாமைக்கும் அதுவே வாசல்" என்பாரும் உண்டு. இந்த எச்சரிக்கையில் பொருள் இருக்கிறது. வசதியைப் பறைசாற்றும் படம், பார்ப்பவரின் உள்ளத்தில் ஏக்கத்தை விதைக்கும். இல்லாதவர் பார்வையில் படும் என்பதை எண்ணிப் போடுவது போடுபவரின் பொறுப்பு. உலக வாழ்வில் தம்மைவிடக் கீழே உள்ளவரைப் பார்க்குமாறு நபியவர்கள் சொன்ன அறிவுரையை நினைவில் கொள்வது பார்ப்பவரின் பொறுப்பு. ஆயினும் பேரப்பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் படத்தில் காணும் பாட்டியின் மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. பிறர் நலம் கண்டால் மாஷா அல்லாஹ் என்று சொல்லி, பரக்கத்துக்காகப் பிரார்த்திப்போம். படம் ஒரு நிஃமத்துதான்; அதை விசாரிப்புக்கு மாற்றாக்கிக்கொள்வதே நாம் கவலைப்பட வேண்டியது.

ஒவ்வொரு படமும் ஓர் அழைப்பு

ஆகவே நாம் முன்வைப்பது எளிய ஒரு பழக்கம். நண்பரின் படம் கண்ணில் பட்டதும், அதை நலம் கேட்பதற்குக் கிடைத்த காரணமாக எடுத்துக்கொள்வோம். ஸலாம் சொல்வோம். படத்தில் இருப்பதைப் பற்றி ஒரு சொல்லும், படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்போம். "பிள்ளை வளர்ந்துவிட்டானே! உம்மாவுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?" என்ற இரண்டு வரி போதும். வாரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும் ஓராண்டில் ஐம்பது நட்புகள் உயிர்பெறும்.

அவர் ஊருக்கு வரும்போது நேரில் சென்று பார்ப்போம். அல்லாஹ்வுக்காக நேசித்த ஒரே காரணத்தால் வேற்றூர்ச் சகோதரரைக் காணப் புறப்பட்ட மனிதரின் வழியில் அல்லாஹ் ஒரு வானவரை நிறுத்தி, அவரைத் தான் நேசிப்பதாக அறிவிக்கச் செய்தான் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. "உன் படங்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லி, வந்தவரைச் சந்திக்காமலேயே விமானம் ஏற விட்டுவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

அழைக்க முடியாத நேரமும் உண்டு. என்ன சொல்வதென்று தெரியாத நேரமும் உண்டு. அப்போது துஆ இருக்கிறது. ஒருவர் தம் சகோதரருக்காக அவர் அறியாமல் செய்யும் துஆவுக்கு வானவர் ஆமீன் கூறி, அதே நன்மை உமக்கும் உண்டாகட்டும் என்கிறார் என அபூதர்தா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழி நமக்குப் பேராறுதல். படத்தைக் கண்டதும் கைப்பேசியைக் கீழே வைத்து, அவர் பெயரைச் சொல்லி ஒரு துஆ செய்வோம். அதற்கு விசா வேண்டியதில்லை. நேர வேறுபாடும் இல்லை.

தூரத்தில் இருக்கும் நம் சகோதர சகோதரிகளின் ஈமானையும் உடல்நலத்தையும் குடும்பங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களை நாமும் நம்மை அவர்களும் மறவாமல் நலம் விசாரித்து வாழும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.