கம்பி இழுத்தவனுக்குக் கையெழுத்து யார் போடுவது?

தோழர்களே, கொத்து வேலை, கம்பி கட்டுவது, வயரிங் என எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். காண்ட்ராக்டர் யார் என்றால் ஊர்த்தெருவைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பழைய கதைதான். 1942-இல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவிலேயே அரசு ஒப்பந்தங்களில் நமக்கு இடமில்லாததைக் குறையாக எழுதினார்.

நம் பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிய எழுத்துத் தேர்வு கிடையாது; சால்வன்சி சான்று கேட்கிறார்கள். சொத்தே இல்லாதவனுக்கு இதைவிடக் கடினமான தேர்வு எது? கர்நாடகம் 2017-இல் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கியது. 2023-இல் அந்த வரம்பு 1 கோடியானது. நமது 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்திலும் அப்படியொரு பிரிவு வேண்டும்.

அதுவரை கைக்கெட்டும் வாசல், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயதும் 5 ஆண்டு வயரிங் அனுபவமும் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. முசரவாக்கம் பக்கத்துத் தம்பிகளோடு உட்கார்ந்து படிக்கிறோம். எர்த்திங், பியூஸ் எல்லாம் அவர்கள் கைப்பழக்கம், பாடம் தடுக்கவில்லை. அந்த 5 ஆண்டை எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை. தினக்கூலிக்கு ஏது ரசீது? “நீ தனியா போயிட்டா எங்கிட்ட யார்றா வேலைக்கு வருவா?” என்று சிரித்தாராம் ஒரு மேஸ்திரி.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் வயரிங் வேலைக்குப் போகும் அண்ணன்களிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். தேதி, இடம், செய்த வேலை, வீட்டுக்காரர் கையெழுத்து. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவர்களை இந்த மாதமே பதிய வையுங்கள்.