அணுப்பிளவும் ஒரு கழித்தற் கணக்கும்

அணுக்கரு பிளந்தால் வெளிப்படும் ஆற்றல் 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் என்று மாணவர் பலர் மனனம் செய்து ஒப்புவிக்கின்றனர். அவ்வெண் எங்ஙனம் வந்ததென வினவின் வாளாவிருக்கின்றனர். இது நமக்கு உவப்பாயில்லை. கழித்தல் அறிந்த எவரும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கன்றோ அது?

யுரேனியம் 235 ஒரு நியூட்ரானை ஏற்று, பேரியம் 141 எனவும் கிரிப்டான் 92 எனவும் பிளந்து, மூன்று நியூட்ரான்களை உமிழ்வதாகக் கொள்வோம். முழுவெண்களாற் கூட்டின் முன்னும் 236, பின்னும் 236, மிச்சம் சூனியம்! பிள்ளைகள் இடறுமிடம் இதுவே. நுட்பமான நிறைகளை எடுத்தாலோ முன்பு 236.0526 அணுநிறை அலகு, பின்பு 235.8666. குறைந்தது 0.1860. அலகொன்றுக்கு 931.5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வீதம் பெருக்க, 173 வரும். 1938 டிசம்பரில் ஸ்வீடன் நாட்டுப் பனியில் உலாவச் சென்ற லிஸே மைட்னரும் அவர்தம் சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் துண்டுக் காகிதத்திற் கண்ட குறைவும் புரோட்டான் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே.

ஆயின் 200 எங்கே? பேரியமும் கிரிப்டானும் நிலையற்றவை. அவை படிப்படியாகச் சிதைந்து பிரசியோடிமியம் 141, சிர்க்கோனியம் 92 என்று அமைதியுறுங்கால் இன்னும் 26 தருகின்றன. ஆகத் தொகை 199. (அவற்றுள் ஒரு பகுதியை நியூட்ரினோக்கள் கொண்டோடிவிடும், அது நமக்குப் பயன்படாது.) ஒரு கிராம் யுரேனியம் 235 முற்றும் பிளவுபடின் சுமார் 8,200 கோடி ஜூல் எழும். நமது சீர்காழிப் பக்கத்து அரிசி ஆலைக் கொதிகலனில் அவ்வளவு வெப்பம் பெற ஐந்தாறு டன் உமியை எரித்தாகவேண்டும்.

அந்த 26-ஐப் பற்றியே நாம் பெரிதும் கவலையுறுகிறோம். அது உடனே வருவதன்று. நொடியிலும் மணியிலும் மாதங்களிலும் சிறுகச் சிறுக வருவது. உலையை நிறுத்தினாற் பிளவு நிற்கும்; இவ்வெப்பம் நில்லாது. 2004 டிசம்பர் 26-இல் நம் பழையாற்றையும் திருமுல்லைவாசலையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை, வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்து நீரேற்றுச் சாலையிலும் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலையை நிறுத்தினர். குளிர்விப்பு தொடர்ந்தமையால் தீங்கு நேரவில்லை. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலோ நிலநடுக்கத்தின்போதே உலைகள் நின்றுவிட்டன. பின்னர் வந்த அலையாற் குளிர்விப்பு அற்றுப்போக, எஞ்சிய வெப்பமே எரிபொருளை உருக்கியது.

ஆகவே, ஆசிரியர்கள் 200 என்பதை எழுதிப்போடாது, தசமங்களைச் சுருக்காமல் மாணவரைக் கொண்டே கழிக்கச் செய்தல் வேண்டும். 173-இல் நின்றுவிட்ட விடைக்கு முழு மதிப்பெண் வழங்குதலும் முறையன்று.