பதிவு வேறு, பட்டம் வழங்கும் அதிகாரம் வேறு



உயர்தரப் பெறுபேறு வந்தால் போதும், ஊர் மதில்களில் இடம் இருக்காது. "வீட்டிலிருந்தே பட்டதாரியாகலாம்." "ஆறு மாதத்தில் பீ.ஏ." "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட கெம்பஸ்." இசட் புள்ளி போதாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் குறிவைத்து ஒட்டப்படுபவை இவை. வெளியூர் போய்ப் படிக்க வசதியில்லாத எங்கள் பெண் பிள்ளைகளுக்குத் தொலைக்கல்வி என்ற சொல்லே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைத்தான் இங்கே சிலர் விற்கிறார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதன் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பிள்ளை, அரச வேலைக்கான வர்த்தமானி அறிவித்தலைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறாள். அதில் "பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் அவளுடைய மூன்று வருடமும் போய்விடுகிறது. "சேர், இதுவும் பதிவு செய்த கெம்பஸ்தானே?" என்று கேட்கிறாள். நாங்கள் என்ன பதில் சொல்வது?

பதிவு செய்தது உண்மைதான். என்ன பதிவு என்பதில்தான் ஏமாற்று இருக்கிறது.

முதலாவது, வியாபாரப் பதிவு. பிரதேச செயலகத்தில் கோழிக்கடைக்கும் எடுக்கலாம், கெம்பஸுக்கும் எடுக்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் "பிரைவேட் லிமிடெட்" ஆகப் பதிந்தாலும் அப்படித்தான். தொழில் நடத்தலாம். பட்டம் வழங்க முடியாது.

இரண்டாவது, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நல்ல அமைப்பு அது. ஆனால் அங்கே நிறுவனத்தைப் பதிவது ஒன்று, ஒரு பாடநெறிக்குத் தராதர அங்கீகாரம் பெறுவது இன்னொன்று. நிறுவனம் பதியப்பட்டதாலே அங்கே சொல்லிக்கொடுக்கும் எல்லாப் பாடநெறிக்கும் என்.வி.கியூ. கிடைத்துவிடாது. அந்தப் பதிவுக்குக் காலவரையறையும் உண்டு. சுவரில் தொங்கும் சான்றிதழின் திகதியை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மூன்றாவது, "லண்டன் அங்கீகாரம்". பிரித்தானியாவில் கம்பனி பதிவது மிகச் சுலபம். அங்கேயும் கம்பனிப் பதிவு வேறு, பட்டம் வழங்கும் அதிகாரம் வேறு. பெயரில் லண்டன் இருப்பதால் தாள் பட்டமாகிவிடாது.

அப்படியானால் இந்த நாட்டில் பட்டம் வழங்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்திலிருந்து. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் அதன் கீழ் இயங்குகின்றன. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்விக்கென்றே உருவானது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்படப் பல அரச பல்கலைக்கழகங்கள் வெளிவாரிப் பட்டங்களை நடத்துகின்றன. தனியார் நிறுவனம் என்றால் அதே சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட வேண்டும். அந்தக் கட்டளையில் எந்த நிறுவனம், எந்தப் பட்டம் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும். ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் எடுத்துவிட்டு அதன் நிழலில் இன்னும் பத்துப் பட்டம் விற்க முடியாது. வகுப்பறைக்கு எடுத்த அனுமதியைக் காட்டித் தொலைக்கல்விக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றால், அந்த முறைக்கும் அனுமதி உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சட்டம் புரியவில்லை என்றால் கணக்காவது போட்டுப் பார்ப்போம். இலங்கை தகைமைச் சட்டகத்தின்படி சாதாரணப் பட்டம் ஒன்றுக்குக் குறைந்தது 90 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். மொத்தம் 4,500 மணித்தியாலம். உயர்தரம் முடித்த பிள்ளை ஆறு மாதத்தில் இதை முடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 25 மணித்தியாலம் படிக்க வேண்டும். அல்லாஹ் படைத்த நாளில் 24தான் இருக்கிறது.

"ஏழைப் பிள்ளை ஏதோ ஒன்று படிக்கட்டுமே, ஏன் தடுக்கிறீர்கள்?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். தையலோ கணினியோ ஆங்கிலமோ, அதன் பெயரைச் சொல்லிக் கற்பித்தால் நாங்களே பிள்ளைகளை அனுப்பி வைப்போம். பட்டம் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் பிரச்சினை. வசதியுள்ளவனுக்கு இது ஒரு நட்டம். ஏழைப் பிள்ளைக்கு இதுதான் கையிலிருந்த ஒரே வாய்ப்பு.

இந்தக் கடைகளுக்கு முகவரி கொடுப்பவர்கள் யார்? நாங்கள்தான் கொடுக்கிறோம், ஊராகச் சேர்ந்து. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் இடம் கொடுக்கிறோம். பாடசாலை மண்டபத்தைப் பட்டமளிப்புக்கு விடுகிறோம். அரசியல்வாதியும் ஊர்ப் பிரமுகர்களும் கறுப்பு அங்கி போட்டு முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அன்றைக்கே "கௌரவக் கலாநிதி" கிடைக்கிறது, அடுத்த நாள் கல்யாண அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் ஏறுகிறது. கலாநிதி சொன்னால் பிழையாக இருக்காது என்று ஒரு வாப்பா நம்பிக் காசு கட்டுகிறார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதை மேடை ஏறி விற்காதீர்கள்.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. வர்த்தமானியைத் தேடி எடுத்து வாசிப்பது ஒரு மீனவனின் வேலையல்ல. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களும் பட்டங்களும் அடங்கிய பட்டியலைத் தெளிவான தமிழில் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு பாடசாலையிலும் தொங்கவிடச் சொல்லி நாங்கள் கேட்கிறோம்.

அதுவரைக்கும் எங்கள் ஊரில் மூன்று விடயம் செய்யலாம்.

ஒன்று: காசு கட்ட முதல் வர்த்தமானி இலக்கத்தையும் திகதியையும் எழுத்தில் கேளுங்கள். "வருது, வந்துகொண்டிருக்கு" என்றால் வந்த பிறகு சேருங்கள்.

இரண்டு: வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை ஏற்றுக்கொள்வார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள். முகவரின் வாய்ப்பேச்சு போதாது.

மூன்று: வர்த்தமானிப் பிரதி காட்டாத எந்தக் கெம்பஸுக்கும் பள்ளிவாசல் பலகையும் பாடசாலை மண்டபமும் இல்லை என்று நிர்வாக சபைகளும் அபிவிருத்திக் குழுக்களும் தீர்மானம் எடுக்கட்டும்.

அடுத்த பெறுபேறு வருவதற்கு முதல் இந்தத் தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். எங்கள் பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் நாங்கள் இதை முன்வைக்கிறோம். மற்ற ஊர்களில் இருக்கும் ஆசிரியர்களும் உங்கள் கூட்டங்களில் முன்வையுங்கள்.