நிவாரணம் நிலைக்க வேண்டுமானால்

கொல்கத்தாவின் தென்பகுதியான பெஹாலாவின் நடுவே டயமண்ட் ஹார்பர் சாலை செல்கிறது. அதே வழியில் தெற்கே சென்றால் காக்துவீப், நாம்கானா கடந்து சுந்தரவனக் கடலோரத்தை அடையலாம். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அக்கடலோரத்தைத் தாக்கியது. பெஹாலாவிலும் மரங்கள் சாய்ந்தன; மின்சாரம் தடைப்பட்டது. பெஹாலாவை நகரின் மையத்துடன் இணைத்த மாஜேர்ஹாட் பாலமோ 2018 செப்டம்பர் 4 அன்றே இடிந்து விழுந்திருந்தது. புதிய பாலம் 2020 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. நிவாரணப் பொருள்கள் செல்ல வேண்டிய முக்கியச் சாலை, தேவை மிகுந்த வேளையில் தலைவாசலிலேயே துண்டுபட்டுக் கிடந்தது.

பேரிடருக்குப் பின் திரளும் இரக்கம் போற்றுதற்குரியது. ஆயினும் உதவியைத் தொடர்ந்து கொண்டுசேர்ப்பது முன்கூட்டிய ஏற்பாடே என்பது நம் கருத்து.

சுந்தரவனத்தை 2019 நவம்பரில் புல்புல், 2020 மே மாதம் ஆம்பன், 2021 மே மாதம் யாஸ் எனப் பதினெட்டு மாதங்களில் மூன்று புயல்கள் வருத்தின. மண்கரைகள் உடைந்து வயல்களில் உப்புநீர் புகுந்தது. அத்தகைய நிலத்தில் வாழ்வோருக்கு ஒரு வார அரிசி போதாது. அடுத்த பருவத்திற்கான விதையும் குடிநீரும் வேண்டும்.

தேவையறியாது அனுப்புவதும் வீணே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. அவற்றை ஏற்றிவந்த எரிபொருளும் உழைப்பும் வீணாயின. பொருள்களை அருகிலுள்ள சந்தையிலேயே வாங்கினால் போக்குவரத்துச் செலவு குறையும். பாதிக்கப்பட்ட ஊரின் வணிகமும் மீளும்.

பணமாக வழங்குவதற்கும் ஒழுங்கு வேண்டும். ஆம்பனில் வீடிழந்தோருக்கு மேற்கு வங்க அரசு ரூ.20,000 வீதம் வங்கிக் கணக்கில் செலுத்தியது. பணம் விரைவாகச் சென்றது. ஆனால் தகுதியற்றோரும் பட்டியலில் இடம்பெற்றதாகப் புகார்கள் எழுந்தன. கணக்கு எவ்வளவு முக்கியமோ, பிழையற்ற பயனாளிப் பட்டியலும் அவ்வளவு முக்கியம்.

ஆகவே வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன இரண்டு. தங்கள் கணக்கையும் கைப்பேசி எண்ணையும் வாரிசு நியமனத்தையும் இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தபின் ஆவணம் தேடுதல் அரிது. நன்கொடை அளிப்போர், தணிக்கை செய்த கணக்கை வெளியிடும் அமைப்புக்குச் சிறு தொகையேனும் ஆண்டுதோறும் அளியுங்கள். கிடங்கும் படகும் புயலுக்கு முன்பே ஆயத்தமாக இருக்க அதுவே துணைசெய்யும்.